செல் சவ்வில் அயனிக் கால்வாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள், நர்சிங் மாணவர்கள், தினமும் பிரஷர் மாத்திரை போடும் பெரியவர்கள் என்று பல தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இவை. முதல் பாதி, கால்வாய் எப்படி வேலை செய்கிறது என்பது. அடுத்த பாதி, மருந்தும் நஞ்சும் அதை என்ன செய்கின்றன என்பது. அவசரம் இருப்பவர்கள் வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் பம்பும் கால்வாயும் பற்றிய மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அயனிக் கால்வாய் என்றால் என்ன?

செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அதன் நடுவே மிகக் குறுகலான ஒரு துளை. சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய அணுக்கள், அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. எல்லாக் கால்வாயும் எல்லா அயனியையும் விடாது. எல்லா நேரமும் திறந்தும் இருக்காது. எதை விடுவது, எப்போது விடுவது என்ற இரண்டில்தான் அதன் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது. இதற்காகவே நம் உடலில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன.

அயனி அவ்வளவு சின்னது. கால்வாய் இல்லாமலே சவ்வுக்குள் புகுந்து போக முடியாதா?

முடியாது. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு, தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். ஆனால் நீரில் இருக்கும் அயனி தனியாக இருப்பதில்லை. மின்சுமையின் ஈர்ப்பால் நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து கொண்டிருக்கும். அந்த நீரை உதறிவிட்டு எண்ணெய்ப் பசையான நடுப்பகுதிக்குள் நுழைய ஏராளமான ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றுக்கு மின்சுமை இல்லை, அதனால் அவை எளிதாகக் கடந்து விடுகின்றன.

கால்வாயும் பம்பும் ஒன்றுதானே?

இல்லை. பாடத்தில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான், இது தெளிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். கால்வாய் எதையும் தள்ளுவதில்லை, இழுப்பதும் இல்லை. ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் தூக்கினால் தண்ணீர் பாய்வது ஏரியில் மட்டம் உயர்ந்து நிற்பதால். மதகு வழியை விட்டது, அவ்வளவுதான்.

அந்த உயரத்தை உண்டாக்கி வைப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டறிந்தார், 1997-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். பம்ப் ஓயாமல் உழைப்பதால் செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல் சோடியம், உள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4 அல்லது 5.

வேகத்திலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஒரு பம்ப் நொடிக்குச் சில நூறு அயனிகளைக் கடத்தும். ஒரு கால்வாய் திறந்தால் நொடிக்கு ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரை பாயும். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடத்துவதற்கும் வழி விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லில் மைனஸ் 70 மில்லிவோல்ட் என்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது?

ஓய்விலும் சில பொட்டாசியம் கால்வாய்கள் திறந்தே இருக்கின்றன. உள்ளே பொட்டாசியம் அதிகம் என்பதால் அது வெளியே கசிகிறது. ஒவ்வொரு பொட்டாசியம் அயனியும் போகும்போது ஒரு நேர்மின்சுமையைக் கொண்டு போகிறது, உட்புறம் எதிர்மின்மை ஆகிறது. அந்த எதிர்மின்மையே பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும். வெளியே போகும் போக்கும் உள்ளே இழுக்கும் ஈர்ப்பும் சமமாகும் இடம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட். கொஞ்சம் சோடியமும் உள்ளே கசிவதால் கணக்கு மைனஸ் 70 பக்கம் வந்து நிற்கிறது.

70 மில்லிவோல்ட் என்றதும் சாதாரணமாகத் தோன்றும். அது விழுவது 5 நானோமீட்டர் தடிமனுக்குள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் என்று கணக்கு வரும். காற்றில் மின்பொறி பறக்க சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் போதும். சவ்வில் இருக்கும் ஒவ்வொரு புரதமும் இந்தக் கடுமையான மின்புலத்தில்தான் நிற்கிறது.

சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னது. அப்படியானால் பொட்டாசியம் கால்வாயில் சோடியமும் நுழைந்துவிட வேண்டாமா?

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளையே பல ஆண்டுகள் திணறடித்த கேள்வியும்கூட. சோடியம் அயனியின் ஆரம் 0.095 நானோமீட்டர், பொட்டாசியத்தின் ஆரம் 0.133. சல்லடை என்றால் பெரியதைத்தான் தடுக்கும். இங்கே பெரியது போகிறது, சின்னது நிற்கிறது. அதுவும் குறைந்தது 10,000 பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் என்ற கண்டிப்போடு.

விடை 1998-இல் வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ராடெரிக் மெக்கின்னனின் குழு, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் உருவத்தைக் கண்டது. நான்கு துண்டுகள் கூடி அந்தக் கால்வாய் அமைகிறது. அதன் மேல்பகுதியில் சுமார் 1.2 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகல், அதுதான் வடிகட்டி. உள்ளே நான்கு பக்கமிருந்தும் ஆக்சிஜன் அணுக்கள் துளையைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன.

பொட்டாசியம் இந்தக் குறுகலில் நுழையும்போது தன்னைச் சூழ்ந்த நீரைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் எட்டு ஆக்சிஜன்கள், நீர் எந்தத் தூரத்தில் இருந்ததோ ஏறக்குறைய அதே தூரத்தில், அதைப் பிடித்துக்கொள்கின்றன. இழந்தது உடனே கிடைத்துவிடுவதால் அதற்கு நஷ்டமே இல்லை. சோடியம் வந்தால்? அது சின்னது என்பதாலேயே அந்த எட்டு ஆக்சிஜன்களும் அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. நீரை விட்டதற்கு ஈடு கிடைக்காது. ஆகவே அது நீரோடு வெளியிலேயே இருந்துகொள்கிறது.

இதைவிட அழகு, இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தும் வேகம் குறையாததுதான். வடிகட்டியில் ஒரே சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட பொட்டாசியம் இருக்கும். பின்னால் வருவது முன்னால் இருப்பதை விலக்கும், எல்லாம் நேர்மின்சுமை அல்லவா? ஒன்று நுழைய, மறுமுனையில் ஒன்று வெளியேறும். உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இந்தக் கண்டுபிடிப்புக்காக மெக்கின்னனுக்கு 2003-இல் நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் ஏக்ரி, சவ்வில் நீருக்கென்றே தனிக் கால்வாய் இருப்பதைக் கண்டவர்.

எப்போது திறக்க வேண்டும் என்று கால்வாய்க்கு எப்படித் தெரியும்?

வகைக்கு வகை மாறும். சில கால்வாய்களுக்கு ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்ட வேண்டும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஒட்டியதும் திறப்பது இந்த வகை. சில, சவ்வு இழுபடும்போது திறக்கும். தொடு உணர்வுக்குக் காரணமான பியசோ கால்வாய்கள் அப்படிப்பட்டவை. சில வெப்பத்துக்குத் திறக்கும்.

நரம்பில் ஆட்சி செய்வது மின்னழுத்தத்துக்குத் திறக்கும் வகை. அதில் நேர்மின்சுமை கொண்ட ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மூன்றுக்கு ஒன்றாக வரும் ஒரு சுருள் இருக்கிறது. செல்லின் உட்புறம் எதிர்மின்மையாக இருக்கும்வரை அந்தச் சுருள் உள்பக்கமாக இழுபட்டுக் கிடக்கும், கதவு மூடியிருக்கும். எதிர்மின்மை குறைந்தால் சுருள் வெளிப்பக்கம் நகர்ந்து கதவைத் திறக்கும். மின்சாரத்தை உணரும் உறுப்பும் கதவும் ஒரே புரதத்தில்!

நரம்பில் ஒரு சமிக்ஞை ஓடும்போது சரியாக என்னதான் நடக்கிறது?

மைனஸ் 70-இல் இருக்கும் சவ்வு ஏதோ ஒரு தூண்டலால் மைனஸ் 55 அளவுக்கு வருகிறது. சோடியம் கால்வாய்கள் சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து உட்புறத்தை இன்னும் நேர்மின் பக்கம் தள்ளுகிறது, அதனால் இன்னும் பல கால்வாய்கள் திறக்கின்றன. ஒரு மில்லி நொடி ஆவதற்குள் பிளஸ் 30 வரை ஏறிவிடும்.

ஏறியது இறங்க வேண்டுமே. சோடியம் கால்வாயின் உட்பக்கம் ஒரு சிறு புரத மடிப்பு இருக்கிறது. திறந்த சற்று நேரத்தில் அது வந்து வழியை அடைத்துவிடும். அதே சமயம், மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் இப்போது திறந்து பொட்டாசியத்தை வெளியே விடுகின்றன. சவ்வு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடைபட்ட சோடியம் கால்வாய் தயாராகச் சிறிது அவகாசம் வேண்டும். சமிக்ஞை வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இப்படி மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஒரு துடிப்புக்குப் பிறகு "சோடியம் உள்ளேயும் பொட்டாசியம் வெளியேயும் நிரம்பிவிடும், பம்ப் வந்து சரிசெய்யும்" என்று பல நோட்ஸ்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு துடிப்பில் இடம் மாறும் அயனிகள் மொத்தத்தில் மிக மிகச் சொற்பம். பம்பை நிறுத்தினாலும் பெரிய நரம்பிழை ஆயிரக்கணக்கான துடிப்புகளைத் தாங்கும். சவ்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பொட்டாசியம் கால்வாய், பம்ப் அல்ல.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கணவாயின் உதவியால். கணவாய் இனத்தில் ஊசிக்கணவாய்க்கு, ஆபத்தில் நீரைப் பீய்ச்சித் தப்பிக்க அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த நரம்பிழை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939-இல் அதற்குள் மின்முனையை நுழைத்துத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். போர் குறுக்கிட்டது. பிறகு தொடர்ந்து, 1952-இல் சோடியமும் பொட்டாசியமும் எந்த நேரத்தில் எவ்வளவு பாய்கின்றன என்பதைச் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் அவற்றைத் தீர்த்தார். கால்வாய் என்ற புரதத்தை யாரும் பார்த்திராத காலத்தில் வந்த சமன்பாடுகள், இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை முதலில் அளந்தவர்கள் ஜெர்மனியின் எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும், 1976-இல். நுனி மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைத் தவளைத் தசையின் சவ்வில் அழுத்தி வைத்தார்கள். திரையில் கோடு திடீரென்று ஒரு படி இறங்கும், சில மில்லி நொடி அங்கேயே நிற்கும், மறுபடி பழைய இடத்துக்கு ஏறும். ஒரே ஒரு புரதம் திறந்து மூடியதன் பதிவு அது. பாதி திறந்த நிலை இல்லை, திறப்பு அல்லது மூடல்தான். அளவு சில பிகோ ஆம்பியர். ஒரு பிகோ ஆம்பியர் என்றால் நொடிக்கு 62 லட்சம் அயனிகள்.

பல் பிடுங்கும்போது போடும் ஊசி என்ன செய்கிறது? சீழ் வைத்த பல்லில் மட்டும் ஏன் சரியாக மரத்துப்போவதில்லை?

அந்த ஊசியில் இருப்பது லிக்னோகெய்ன். வலி நரம்பின் சோடியம் கால்வாயை அடைத்து, துடிப்பு மூளைக்குப் போகாமல் நிறுத்துகிறது. ஆனால் அது அடைப்பது வெளிவாசலை அல்ல, உள்பக்கத்திலிருந்து. அதனால் முதலில் சவ்வைக் கடந்து செல்லுக்குள் போயாக வேண்டும்.

லிக்னோகெய்ன் இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்சுமை உள்ளது, இல்லாதது. சவ்வைக் கடப்பது மின்சுமை இல்லாத வடிவம்தான். உள்ளே போனதும் மின்சுமை ஏற்றுக்கொண்டு கால்வாயின் துளைக்குள் போய் உட்காரும். உடலின் இயல்பான நிலையில் மருந்தில் சுமார் கால் பங்கு கடக்கும் வடிவத்தில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், அந்தக் கால் பங்கு இன்னும் குறையும். மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது. "ஊசி போட்டும் வலிக்கிறதே" என்று பயப்படும் நோயாளி பொய் சொல்லவில்லை, மருத்துவரும் தவறாகப் போடவில்லை. முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தோ சீழை வடித்தோ, அல்லது சற்றுத் தள்ளி நரம்பின் மேற்பகுதியில் ஊசி போட்டோ சமாளிப்பது இதனால்தான்.

மரத்தபின்னும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடங்கும், அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்காது.

மிளகாய் ஏன் எரிகிறது?

சூடான பொருள் பட்டால் திறக்கும் ஒரு கால்வாய் நம் வலி நரம்புகளில் இருக்கிறது. பெயர் டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது திறக்கும். மிளகாயில் உள்ள கேப்சைசின் அதே கால்வாயில் ஒட்டிக்கொண்டு சாதாரண வெப்பநிலையிலேயே திறந்துவிடுகிறது. நரம்புக்கு வித்தியாசம் தெரியாது, நாக்கு சுடுகிறது என்றே மூளைக்குச் செய்தி போகும். கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இதை வெளியிட்டது. 2021-இல் அவருக்கும், பியசோ கால்வாய்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் நோபல் கிடைத்தது. மிளகும் இதே கால்வாயைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மென்மையாக. புதினா சுவையின் குளிர்ச்சி வேறொரு கால்வாயின் வேலை.

கிளி மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் தின்னும். பறவைகளின் கால்வாயில் கேப்சைசின் வேலை செய்யாது. காரம் தாங்காவிட்டால் தண்ணீரை நம்ப வேண்டாம், கேப்சைசின் அதில் கரையாது. பாலோ தயிரோ நல்லது.

தேள், நாகம், பேத்தை மீன்: இவற்றின் நஞ்சும் கால்வாயைத்தான் தாக்குகிறதா?

ஆமாம், ஆனால் மூன்றும் மூன்று விதம்.

பேத்தை மீனின் டெட்ரோடாக்சின் சோடியம் கால்வாயின் வெளிவாயில் அடைப்பான் போல உட்கார்ந்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதயத்தின் சோடியம் கால்வாய் சற்று மாறுபட்டது, இந்த நஞ்சுக்கு எளிதில் மசியாது. எனவே நேரத்துக்கு வென்டிலேட்டரில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள், போகாது.

செந்தேளின் நஞ்சு எதிர்த் திசையில் வேலை செய்கிறது. திறந்த சோடியம் கால்வாய் அடைபடாமல் தடுத்து, நரம்புகளை ஓயாமல் துடிக்க வைக்கிறது. வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், கடைசியில் இதயமும் நுரையீரலும் பாதிப்பு. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதற்குப் பிரசோசின் என்ற சாதாரண மாத்திரை பலன் தருவதைக் காட்டினார், அதன்பின் இறப்புகள் பெருமளவு குறைந்தன. குழந்தைகளைச் செந்தேள் கொட்டினால் மந்திரிக்க அலையாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாகத்தின் நஞ்சு சோடியம் கால்வாயைத் தொடுவதில்லை. தசையில் இருக்கும் அசிட்டைல்கோலின் கால்வாயில் ஒட்டி, அது திறக்காமல் செய்கிறது. நரம்பு கட்டளை இடுகிறது, தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. இமை தொங்குவது முதல் அறிகுறிகளில் ஒன்று.

தினசரி மாத்திரைகளில் எவை கால்வாயில் வேலை செய்கின்றன?

இரண்டைச் சொல்கிறேன், பல வீடுகளில் இருப்பவை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், ரத்தக்குழாய்ச் சுவரின் தசையில் கால்சியம் கால்வாயை அடைக்கிறது. கால்சியம் வராவிட்டால் தசை இறுகாது, குழாய் தளரும், அழுத்தம் குறையும். சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் இதே தளர்ச்சியால்தான்.

சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைட், கணையத்தின் பீட்டா செல்லில் ஒரு பொட்டாசியம் கால்வாயை மூடுகிறது. சாப்பிட்டபின் குளுக்கோஸ் ஏறி, ஏ.டி.பி. கூடும்போது இயல்பாக மூடும் கால்வாய் அது. மூடினால் செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் கால்வாய் திறக்கும், இன்சுலின் வெளிவரும். மாத்திரையோ ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்காமல் மூடிவிடும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வருவதன் காரணம் இதுதான்.

காலராவுக்கும் கால்வாய்க்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்லின் சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு கால்வாயை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியமும் நீரும் பின்னாலேயே போகும். இப்படி ஒரு நச்சு இருக்கிறது என்பதை 1959-இல் காட்டியவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏன் உதவுகிறது என்றால், சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே எடுக்கும் வேறொரு புரதம் அந்த நேரத்திலும் பழுதில்லாமல் இருக்கிறது. இதே சி.எஃப்.டி.ஆர். பிறவியிலேயே பழுதாக இருந்தால் வருவது, நுரையீரலில் சளி கெட்டியாகும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்.

சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். இயற்கையான பானம்தானே?

இயற்கையானதுதான், ஆனால் பொட்டாசியம் நிறைந்தது. ஒரு இளநீரில் அரை கிராமும் அதற்கு மேலும் இருக்கலாம். நல்ல சிறுநீரகம் அதிகப்படியை வெளியேற்றிவிடும், பழுதானால் ரத்தத்தில் தங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டியது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். வெளியே பொட்டாசியம் ஏறினால், மேலே பார்த்தபடி, உள்ளிருந்து வெளியே கசியும் போக்கு குறைந்து ஓய்வு மின்னழுத்தம் பூஜ்ஜியம் பக்கம் நகரும். அந்த நிலையில் இதயத்தின் சோடியம் கால்வாய்கள் பல அடைபட்டே கிடக்கும். துடிப்பு பரவுவது மந்தமாகும், 6.5-ஐத் தாண்டினால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் "ஒரு நாள்தானே" என்று இளநீர் வாங்கிக் கொடுக்காதீர்கள். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், அவற்றைச் சாப்பிடுபவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

செடிகளுக்கும் அயனிக் கால்வாய் உண்டா?

உண்டு. இலைத்துளையின் இரு பக்கமும் உள்ள காப்பு செல்களில் கால்வாய் வழியாகப் பொட்டாசியம் உள்ளே வரும்போது நீரும் கூடவே வந்து செல் உப்பும், துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் செல் தளர்ந்து துளை மூடும். தொட்டாற்சிணுங்கி சுருங்குவதும் இதே வழியில்தான். தொட்ட இடத்திலிருந்து ஒரு மின்துடிப்பு ஓடி, காம்பின் அடியில் இருக்கும் செல்களை எட்டுகிறது. அங்கே கால்வாய்கள் திறந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேற, நீரும் போய், இலை தொய்கிறது. நரம்பில்லாத செடியிலும் மின்துடிப்பு அயனிகளால்தான், வேகம் மட்டும் நம் நரம்பைவிட வெகு குறைவு.